நாவல் சாறும் முனியம்மாவின் கால் விரலும்

“…அதனால சக்கர மாத்திரை எல்லாத்தையும் வாரி வாய்க்கால்ல போட்டுட்டேன் தம்பி. உங்க லேப்பே சொன்னப்புறம் எனக்கு இன்னாத்துக்கு அது?”

நாவல் பழத்தைத் தராசில் அள்ளிப் போட்டபடி முனியம்மா இதைச் சொன்னார். பழைய செருப்பைத் தூக்கிப் போட்டதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் பையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். பழம் பைக்குள் விழுந்தது. நான் பிடித்த பிடியை விடவில்லை.

வில்லியனூரிலிருந்து எங்கள் கல்லூரிக்குத் திரும்பும் சாலை முனையில் தள்ளுவண்டி போட்டுப் பழம் விற்றவர் முனியம்மா. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பழம் வாங்குவது அவரிடம்தான். நான் அந்தக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் உறுவையாறு. பெயர் வைத்திலிங்கம். துறையில் வைத்தி.

இப்போது அங்கே புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் குழி குழியாக இருக்கும், அதில் சொட்டு சொட்டாக விட்டு உள்ளே தள்ளினால் எல்லாக் குழிக்கும் அதுவே கணக்குச் சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பார்த்தேன். நல்ல பெட்டி. அப்போது பிள்ளைகள், “குழாயில எப்படி சார் செஞ்சீங்க, எழுதிக் கொடுங்க, துறை மலர்ல போடறோம்” என்றார்கள். அவர்கள் கேட்டது செய்முறை. அதை எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் செய்முறைக்கு நடுவில் முனியம்மா வந்து நிற்கிறார். அவரை நகரச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் படித்தது பன்னிரண்டாவது வரை. கெமிஸ்ட்ரியில் பாஸ் மார்க்கை எட்டிப் பிடித்தவன். சோதனைக் குழாய் கழுவத்தான் வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த கண்ணன் அண்ணன் முதல் நாள் ஒரு குழாயை மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். “சோப்பு வாசன வர்ற குழாய்ல சயின்ஸ் வராதுடா” என்றார். என் பயிற்சிக் காலம் மொத்தமும் அவ்வளவுதான். மீதியை வகுப்புக்கு வெளியே நின்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். கதவு ஓரமாக நின்றாலும் காதில் விழும் பாடம் ஒன்றேதான்.

சுகந்தி மேடம் துறைக்கு வந்த பிறகுதான் பழச்சாறு வேலை தொடங்கியது. மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நன்றாக வந்த ரிசல்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மறுபடியும்” என்பார். மோசமாக வந்ததைக் காட்டினாலும் “மறுபடியும்”. இரண்டுக்கும் ஒரே குரல். ஆராய்ச்சி மாணவர்கள் அந்த ஒரு சொல்லை வைத்து மேடம் சந்தோஷமாக இருக்கிறாரா கோபமாக இருக்கிறாரா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. சந்தோஷமாக இருந்தால் கண்ணாடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் புடவைத் தலைப்பால் துடைப்பார். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மேடத்திடம் இன்னொரு வழக்கம் இருந்தது. எந்த ரிசல்ட்டைச் சொன்னாலும் கடைசியில் “குழாய்ல” என்று ஒரு சொல் சேர்ப்பார். “கொய்யா கொஞ்சம் நிறுத்துது. குழாய்ல.” “நெல்லி நல்லா நிறுத்துது. குழாய்ல.” கருத்தரங்கில் பேசும்போதும் அப்படியே. ஆங்கிலத்தில் சொல்வார், அவ்வளவுதான்.

என்ன நிறுத்துகிறது என்று கேட்பீர்கள். நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். சோறு, இட்லி, கிழங்கு எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. நீளமான சங்கிலி மாதிரி. எச்சிலிலும் வயிற்றுக்குக் கீழே கணையத்திலும் அமைலேஸ் என்று ஒரு நொதி உண்டு, அது கத்திரிக்கோல். சங்கிலியை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்குவதில் முதல் வெட்டு அதனுடையது. நாவல் பழம் தின்றால் நாக்கு கருநீலமாகி, வாய் இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களைத்தான் பீனாலிக் என்கிறார்கள். அவை போய் அந்தக் கத்திரிக்கோலில் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டு தாமதமாகிறது. சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு ஜாதி இந்த வேலையைத்தான் செய்கிறது. நம் ஊர்ப் பழங்களில் எந்தச் சாறு எவ்வளவு செய்கிறது என்பது மேடத்தின் கேள்வி.

இனி செய்முறை. நாவலைக் கழுவி, துடைத்து, கொட்டையைக் கையால் பிரிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் கொட்டை உடைந்து அதன் சத்தும் கலந்துவிடும். அதனால் சீசன் முழுக்க என் கை சாயப்பட்டறைக்காரன் கைதான். மெல்லிய துணியில் பிழிந்து, பனிக்கட்டியில் வைத்து, சுழற்றும் இயந்திரத்தில் போட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். குழாயில் முதலில் சாறு, பிறகு நொதி. இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்திருக்கட்டும். பிறகு மாவுக் கரைசல். உடம்புச் சூட்டில் இருக்கிற வெந்நீர்த் தொட்டியில் நிற்க வைத்து, நேரம் ஆனதும் ஒரு சொட்டு அமிலம் விட்டு வேலையை நிறுத்தி, அயோடின் விட வேண்டும். மாவு மிச்சம் இருந்தால் நீலமாகும். கத்திரிக்கோல் கட்டுண்டது என்று பொருள். நீலம் இல்லையென்றால் மாவெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

கேட்க எளிது. ஆனால் பழச்சாறு பொய் சொல்லும். ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். நெல்லிச்சாற்றில் வைட்டமின் சி அதிகம், அது அயோடினையே தின்றுவிடும். மாவு இருந்தாலும் நீலம் வராது. மாம்பழம், சப்போட்டாவில் ஏற்கனவே சர்க்கரை இருக்கிறது, வேறு முறையில் சர்க்கரையை அளந்தால் அதுவும் சேர்ந்து கணக்கில் வந்து நிற்கும். நாவல் இருக்கிறதே, அது பிறவியிலேயே கருநீலம்.

முதல் தடவை நாவல் வைத்தபோது குழாய் அப்படி ஒரு கறுப்பாக நின்றது. மாணவர்கள் ஓடிப்போய் ஸ்வீட் வாங்கி வந்துவிட்டார்கள். மேடம் தன் பங்கு லட்டை மேசை ஓரமாக வைத்துவிட்டு, “வைத்தி, வெறும் தண்ணியில இதே அளவு சாறு விட்டு ஒரு குழாய் வைங்க” என்றார். மாவு இல்லை, நொதி இல்லை, அயோடின் இல்லை. வைத்தேன். அதுவும் கறுப்பு. மேடம் இரண்டு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாணவர்கள் வாயில் லட்டு இருந்தது. “மறுபடியும்” என்றார். அந்தச் சொந்த நிறத்தைக் கழித்துப் பார்த்ததில் நாவல் கொஞ்சம் நிறுத்தத்தான் செய்தது. கொஞ்சம். குழாயில்.

அதிலிருந்து எங்கள் கூடத்தில் சட்டம் அதுதான். எந்தச் சாறு வைத்தாலும் பக்கத்தில் அதே சாறு தண்ணீரில் ஒன்று நிற்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாமல் ஒரு ரிசல்ட்டை மேடம் கையால் தொட மாட்டார்.

அந்த வருடம் கல்லூரியில் பொதுமக்கள் வந்து பார்க்க ஒரு நாள் வைத்தார்கள். ஆனி மாதம், நாவல் வர ஆரம்பித்த சமயம். தன் பழத்தை வாங்கிப்போய் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க முனியம்மாவும் வந்திருந்தார், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. எங்கள் மேசையில் தீபா என்ற ஆராய்ச்சி மாணவி நின்றாள். கெட்டிக்காரப் பெண், நல்ல வாய். மேடம் வாசல் பக்கம் விருந்தினரோடு இருந்தார். கூட்டம் நெருக்கியதில், சாறும் தண்ணீரும் மட்டும் விட்ட குழாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வைக்கும் மாத்திரை ஒன்றின் கரைசல் ஒரு குழாயில், நாவல் ஒரு குழாயில்.

“இது மாத்திரை போட்டதும்மா. இது உங்க நாவல் போட்டது. பாருங்க, உங்களுதுதான் இன்னும் கறுப்பா நிக்குது” என்றாள் தீபா.

“அப்ப என் பழம் மாத்திரைய ஜெயிச்சிடுச்சி” என்றார் முனியம்மா.

தீபா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

மறுநாள் முதல் முனியம்மாவின் வண்டியில் ஒரு பானையும் தம்ளர்களும் ஏறின. படிக்கத் தெரியாதவர், அதனால் பலகையெல்லாம் இல்லை, குரல்தான். “லேப்புல வெச்சி ஜெயிச்ச நாவ ஜூஸு” என்று அவர் கூவினால் பாகூர் பஸ்ஸில் போகிறவர்கள் கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். காலை நடைப்பயிற்சிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். முனியம்மா அவர்களுக்கு விளக்கமும் கொடுத்தார், தீபா சொன்ன கத்திரிக்கோல் கதையை, தீபாவை விட நன்றாக.

இது எங்கே போய் முட்டியது என்பது கரியமாணிக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பந்திக்கு நுழையும் இடத்தில், பன்னீர் தெளிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில், ஒரு பானை நாவல் சாறு. கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் கரண்டியோடு நின்று, “சுகர் பார்ட்டி எல்லாம் இப்படி வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பந்தியில் சர்க்கரைக்காரர்களுக்கு ஓர் ஓரம் ஒதுக்குவது உண்டு, கேசரி வைக்காமல் தாண்டிப் போவார்கள். அன்று அந்த ஓரமே இல்லை. கரும்பு போடுகிற ஒரு பெரிய விவசாயி, எனக்கு அண்ணன் முறை, இரண்டு தம்ளர் குடித்துவிட்டு என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கேசரி, ஜாங்கிரி, பாயசம் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு மறுபடி கேசரி கேட்டார்.

“இனிமே இது நம்மள ஒண்ணும் பண்ண முடியாது வைத்தி. கத்திரிக்கோல கட்டிப் போட்டாச்சி.”

“அண்ணே, அந்தக் கத்திரிக்கோலு மாவ வெட்றது. கேசரில கொட்டியிருக்குற சக்கரைக்கு அந்தக் கத்திரிக்கோலே தேவையில்ல.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப இன்னும் நல்லதாப் போச்சி” என்றார்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். “எத்தன தம்ளர்?” என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மாட்டவும் இல்லை. “குழாய்லன்னு யாரும் சொல்லலியா?” என்றார். தீபாவைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் நாவல் சாறு மருந்துக்கு மாற்று அல்ல என்று நாலு வரி எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். வில்லியனூரில் சர்க்கரை உள்ளவர் யாரும் எங்கள் அறிவிப்புப் பலகையைப் படிக்க வருவதில்லை.

ஆடி பிறந்தது. அப்படி ஒரு காலையில்தான் பழம் வாங்கப் போனபோது முனியம்மா மாத்திரையை வாய்க்காலில் போட்ட கதையைச் சொன்னது.

“எப்போ அக்கா போட்ட?” என்றேன்.

“நீங்க காட்டினீங்களே, அன்னிக்கே.”

அப்போதுதான் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். எப்போதும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறவர், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலைக் கோணிச் சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். கால் பெருவிரலில் புடவைத் துணி சுற்றியிருந்தது. துணியில் கறை. நாவல் கறையா வேறா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஈக்கள் பழத்தை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தன.

கேட்டதற்கு, கல் தட்டியது என்றார். எப்போது என்றதற்கு, கல்லுக்குத் தேதியெல்லாம் யார் வைத்தது என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். “அதான் வலிக்கலியே, அப்புறம் இன்னா?” என்றார்.

அந்த வலிக்கவில்லை என்பதைக் கேட்டதும் நான் பையைக் கீழே வைத்தேன். உறுவையாற்றில் எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் வலிக்காமல் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை.

கூடத்துக்கு வந்தபோது மேடம் தானே குழாய் வைத்துக்கொண்டிருந்தார். வரிசையாகத் தொட்டியில் நிற்கின்றன, நேரம் ஓடுகிறது, அமிலக் குழல் கையில். நேரம் ஓடும்போது மேடத்திடம் பேசக்கூடாது, தீப்பிடித்தாலும் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பேசினேன். வாய்க்கால், விரல், ஈ எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் அமிலக் குழலைத் தாங்கியில் வைத்தார். குழாய்கள் தொட்டியிலேயே நின்றன. மாவெல்லாம் வெட்டுப்பட்டு வீணாகிக்கொண்டிருந்தது. என் காலத்தில் மேடம் ஒரு வரிசையைப் பாதியில் விட்டது அன்று ஒரு நாள்தான்.

“உங்க ஸ்கூட்டர் இருக்கா?” என்றார்.

நாங்கள் போனபோது வண்டியின் முன்னால் நாலைந்து பேர் தம்ளரோடு நின்றார்கள். மேடம் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் முறை வரும்வரை காத்திருந்தோம். அது மேடத்தின் சுபாவம்.

“வா டாக்டரம்மா” என்று முனியம்மா ஒரு தம்ளரைக் கழுவினார். வில்லியனூரில் எல்லோருக்கும் மேடம் டாக்டரம்மாதான். நான் அந்த டாக்டர் இல்லை என்று மேடம் சொல்லாத ஆள் இல்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார் மேடம். முனியம்மா பெருமையாக ஆமாம் என்றார். மேடம் எல்லாவற்றையும் விளக்கினார், நிறுத்தி நிதானமாக, வகுப்பில் சொல்வது போல. அன்று மேசையில் வைத்த மாத்திரை ஒரு ஜாதி, முனியம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது வேறு ஜாதி, அது இந்தக் கத்திரிக்கோலைத் தொடுவதே இல்லை, உடம்பில் வேறு இடத்தில் வேலை செய்கிறது, அதற்கு நாவல் பதில் ஆகாது என்றார். நின்றவர்கள் தலையாட்டினார்கள். முனியம்மா ஆட்டவில்லை.

“அன்னிக்கி நீங்க பாத்த கறுப்புல பாதி நாவலோட சொந்தக் கலர். வெறும் தண்ணில ஊத்தினாலும் அப்படித்தான் இருக்கும்.”

“பாதிதானே. மீதிப் பாதி?”

“மீதி நெஜம். குழாய்ல.”

“என் வவுறும் குழாதானே?”

“உங்க குழாய்ல சோறு, கொழம்பு, டீ எல்லாம் இருக்கு. எங்க குழாய்ல இருந்தது ஒரு சிட்டிகை மாவு” என்றார் மேடம்.

முனியம்மாவின் முகம் மாறியது. ஜனங்க நிக்கிறாங்க, அவங்க எதுர்ல என் பழத்த பொய்ன்னு சொல்றியா என்று கேட்டார். மேடம், பழம் நல்ல பழம், தாராளமாக விற்கலாம், மாத்திரைக்குப் பதிலாக விற்கக்கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். வரிசையில் ஒருவர் மெல்லத் தம்ளரை வண்டியில் வைத்துவிட்டு நகர்ந்தார். முனியம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேடத்தைக் கிட்டே வரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் அவர் தாழ்த்திய குரல் என்பது மற்றவர்களின் சாதாரணக் குரல்.

“ஜூஸுக்காக மாத்திரைய விட்டேன்னு நெனச்சிக்கினியா? அந்த மாத்திர போட்டா வவுறு ஓடுதும்மா. காலைல டீயோட ஒண்ணு போட்டுட்டு வண்டிய தள்ளிக்கினு வந்து கடைய விரிச்சி ஒக்காருவேன். ஒக்காந்ததும் கலக்கும். இங்க நான் எங்க போவேன்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடணும். நான் ஓடிட்டா பழத்த யாரு பாக்கறது? மாடுதான் பாக்கும். ரெண்டு வாட்டி பாத்துது. நீ மாத்திரன்னு சுளுவா சொல்லிட்ட. போட்டுப் பாத்தவளுக்குத்தான் தெரியும்.”

மேடம் கைப்பையைத் திறந்தார். கண்ணாடிக் கூடு, பேனாக்கள், ஒரு சாவிக்கொத்து எல்லாம் வெளியே வந்து பழத்தட்டின் மேல் உட்கார்ந்தன. அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலி. ஒன்றைப் பிதுக்கி முனியம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

முனியம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார்.

“இதே எழவுதான். கருவாட்டு நாத்தம்.”

“ஆமாம்” என்றார் மேடம். “எனக்கும் சர்க்கரை. பல வருஷமாச்சு. தினம் போடறேன்.”

முனியம்மா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று நான் தலையாட்டினேன். நிஜமாகவே தெரியாது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். மேடம் மதியம் கடிகாரம் பார்த்து எழுந்து போய்த் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். எதையும் பகிர்ந்துகொள்ளாத குணம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தோம். நாவல் சாற்றில் ஆராய்ச்சி செய்கிறவருக்கே சர்க்கரை என்று தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று மேடம் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அந்தத் தள்ளுவண்டி பக்கத்தில்தான் புரிந்தது. இப்போது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“உனக்கும் வவுறு ஓடிச்சா?” என்றார் முனியம்மா.

“ஓடிச்சு. மொத வருஷம் ஒரு பையனோட பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. பாதியில எழுந்து ஓடிட்டேன். வெளியூர்ல இருந்து வந்த பேராசிரியர், நான் அவர் கேட்ட கேள்விக்குக் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டேன்னு நெனச்சி, மேல ஒண்ணும் கேக்காம அந்தப் பையன பாஸ் பண்ணிட்டார்.”

யாரும் சிரிக்கவில்லை. முனியம்மா மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, “அப்புறம் இன்னா பண்ண?” என்றார்.

வெறும் வயிற்றில் போட்டதுதான் தப்பு என்றார் மேடம். பாதி சாப்பாட்டில் போட்டு, மேலே மீதி சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். தனக்கு அதில்தான் நின்றது. நிற்காவிட்டால் மெதுவாகக் கரைகிற மாத்திரை இருக்கிறது, அதை ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் எழுத வேண்டும், வயிறு ஓடுகிறது என்று வாயைத் திறந்து சொன்னால்தான் எழுதுவார்.

“ஆம்பள டாக்டருகிட்ட எப்படிம்மா சொல்றது?”

“இப்ப இத்தன ஆம்பளைங்க எதிர்ல சொன்னீங்களே.”

முனியம்மா நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“கால காட்டுங்க” என்றார் மேடம்.

“நீதான் அந்த டாக்டர் இல்லன்னியே.”

“இல்லதான்.”

ஒரு டவுன் பஸ் திரும்பிப் போனது. கால் சாக்குக்குப் பின்னாலேயே இருந்தது. மேடம் பழத்தட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, ஒரு சாவியைத் தனியாகக் கழற்றினார். நேரம் பிடித்தது.

“இது எங்க கட்டடத்துக் கீழ்த்தள பாத்ரூம். கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது கைப்பக்கம். பஸ் ஸ்டாண்டு தூரம் இல்ல. எப்ப வேணா வாங்க. வாட்ச்மேன் கேட்டா என் பேரச் சொல்லுங்க.”

“நான் அங்க வந்துட்டா இத்த யாரு பாக்கறது?”

“வைத்தி பாப்பார். காலைல அவருக்கு வேலை ஒண்ணும் இல்ல.”

காலையில்தான் எனக்கு வேலை.

முனியம்மா சாவியை உடனே வாங்கவில்லை. சாக்கை ஒதுக்கிக் காலை வெளியே நீட்டி, குனிந்து, துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் தெளித்து எடுத்தார். பெருவிரல் நுனி கறுத்திருந்தது. அது நாவல் கறுப்பு இல்லை. ஜூஸுக்கு நின்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மேடம் திருப்பவில்லை. முனியம்மாவும் இவ்வளவு நாள் தானே சரியாகப் பார்க்காததைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுத்தமான பக்கம் உள்ளே வரும்படி துணியைத் திருப்பிச் சுற்றினார்.

சாவியை வாங்கி முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்தார். மேடத்தின் மாத்திரையை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். நின்றவர்களிடம் ஜூஸ் இல்லை என்றார். பானை நிறைய இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஈரச் சாக்கை இழுத்துப் பழத்தின் மேல் மூடிவிட்டு, மேடத்திடம் ஸ்டூலைக் காட்டி, “நீ இங்க குந்து, மாடு வந்தா ஓட்டு” என்றார். என் ஸ்கூட்டரில் ஒருக்களித்து ஏறி, புண்பட்ட காலை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகச் சொல்லி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.